கிலோவுக்கு அறுபது ரூபாய் கூடுதல்

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் தூறல். ரத்த அழுத்தம் 140/90. மாத்திரை போட்டுக்கொண்டேன். கிணற்று மோட்டாரின் வாஷரை மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது. நான் மாற்றியதில் தவறிருக்கலாம்.

இன்று ஷெர்லின் என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். மகள் தகப்பனுக்கு வேலை கொடுப்பது புதிதல்ல என்றாலும் இது என் படிப்பு சார்ந்தது. கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவனிடம் யாரும் இதுவரை வீட்டில் ஒரு சராசரிகூடக் கேட்டதில்லை.

அவள் கால்நடை மருத்துவர். பூனாவில் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் இருந்துவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாக இங்கேதான் மாடியறையில் இருக்கிறாள். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி வசிக்கும் ஆறு குடும்பங்களோடு சேர்ந்து பதினான்கு மாடுகளை வளர்த்திருக்கிறாள். மரங்களுக்கு அடியில் வளரும் புல்லும் கொடியும்தான் அவற்றுக்குத் தீனி. சாணம் தோட்டத்துக்கே போகிறது. வெளி மாநிலத்திலிருந்து லாரியில் நெருக்கி ஏற்றி வருவது இல்லை. சுற்றுச்சூழலுக்குத் தீங்கு குறைந்த மாட்டிறைச்சி. ஆனால் சந்தையில் கிலோ நானூறு என்றால் இவளுக்கு நானூற்று அறுபது கிடைத்தால்தான் கட்டுபடியாகும்.

“அப்பா, அறுபது ரூவா கூடக் குடுத்து ஆளுவ வாங்குவாவளான்னு நீங்க கேட்டுச் சொல்லணும். வாங்குவாவன்னா தக்கலையில கடை போடுதேன். இல்லன்னா டிசம்பர் பதினஞ்சுக்குள்ள வாறேன்னு பூனாவுக்கு எழுதிருவேன்.”

ரோஸ்பாய் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் மனைவி அப்படிப் பார்ப்பது அபூர்வம். மகள் பூனாவுக்குத் திரும்பினால் இந்த முறை திரும்பி வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். (திருமணம் வேண்டாமென்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு இந்த வீட்டில் முடிந்துவிட்டது.)

ஆய்வாளனுக்கு முடிவில் சொந்த விருப்பம் இருக்கக்கூடாது. எனக்கு இல்லை.

செப்டம்பர் 6, புதன்

கேள்வியை ஏழு முறை எழுதினேன். கடைசி வடிவம்: “சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் வளர்க்கப்பட்ட மாட்டிறைச்சிக்குக் கிலோவுக்கு அறுபது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தாங்கள் விரும்புவீர்களா?” வாசித்துக் காட்டினேன்.

“கோயில்ல ஜெபம் பண்ணுதது மாதிரி இருக்கு” என்றாள் ரோஸ்பாய்.

எங்கள் சபையில் அறுநூறு குடும்பங்கள். பத்துக்கு ஒன்று என்று அறுபது வீடுகள் எடுத்துக்கொண்டேன். யார் வீட்டுக்கும் அழையாமல் போய் எனக்குப் பழக்கமில்லை. நாளை தொடங்கலாம். அல்லது சனிக்கிழமை.

செப்டம்பர் 9, சனி

நான்கு வீடுகள். நான்கிலும் காப்பி. நான்கிலும் “கண்டிப்பாட்டு வாங்குவோம் சாரே.” ஒரு வீட்டில் என் பழைய மாணவன் எழுந்து நின்றுகொண்டே பதில் சொன்னான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

அறுபது வீடுகளும் முடிந்தன. ஐம்பத்து நான்கு பேர் ஆம் என்றார்கள். தொண்ணூறு சதவீதம். முப்பத்து நான்கு ஆண்டில் இவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததில்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

காப்பி கொடுத்து உட்காரவைத்திருக்கும் கிழவனிடம், அவன் மகள் செய்யப்போகும் வியாபாரத்தைப் பற்றி, யார்தான் மாட்டேன் என்று சொல்வார்கள்? மேலும் ‘சுற்றுச்சூழல்’ என்ற நல்ல சொல்லைக் கேள்வியில் நானே வைத்துவிட்டேன். அதை எல்லோரும் மரியாதையாக எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொல்வதற்குச் செலவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் உண்மை தெரியும்.

இதை ஷெர்லினிடம் சொன்னேன். “அப்போ பையிலயிருந்து எடுக்கவையுங்க” என்றாள்.

செப்டம்பர் 30, சனி

ஒரு வழி தோன்றியது. அடுத்த வாரம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆளாளுக்குக் கோழி, பூசணிக்காய், பலாப்பழம், கேக் என்று காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலத்தில் வாய்ப்பேச்சு இல்லை. எடுத்தவன் பணம் கட்டவேண்டும்.

ஐஸ் பெட்டியில் இரண்டு பொதி வைப்பேன். ஒன்று சந்தை இறைச்சி, இரண்டு கிலோ. மற்றது ஷெர்லினுடையது, அதுவும் இரண்டு கிலோ. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடுவது.

சபைச் செயலர் தேவதாசனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“எறச்சிய ஏலம் விட்டதே இல்லியே சாரே.”

“கோழி விடுகிறீர்களே.”

“அது உசுரோட நடக்குலா!” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “செரி, கொண்டுவாரும்” என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

சந்தை இறைச்சி முதலில் வந்தது. அதை ஆயிரத்து இருநூறுக்கு ஓர் ஆசிரியை எடுத்தார். சரி. காணிக்கை என்பதால் கொஞ்சம் கூடத்தான் போகும்.

அடுத்து ஷெர்லினுடைய பொதி. “நம்ம டாக்டரம்மா வளத்த மாடு! ரப்பர்த் தோட்டத்துப் புல்லு தின்ன மாடு!” என்று தேவதாசன் கூவினார். கான்ட்ராக்டர் செல்லையன் ஆயிரத்து ஐநூறு என்றார். உடனே பின்னாலிருந்து ரப்பர்க் கடை ஹென்றி, “ரெண்டாயிரம்.”

இருவரும் சம்பந்திகள். செல்லையன் மகளை ஹென்றி மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தலில் யார் உறவினருக்கு முதல் பந்தி என்று தொடங்கிய சண்டையில், இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. அது சபைக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஏனோ அது நினைவுக்கு வரவில்லை.

“மூவாயிரம்.”

“அஞ்சு.”

“ஏழாயிரம்! எழுதும் ஓய்!”

“இவருக்கு எறச்சி திங்க ஆசையில்ல. எனக்க முகத்துல அடிக்க ஆசை. ஒம்பது!”

போதகர் எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போய்விட்டார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கடைசியில் செல்லையன் பதினாலாயிரத்து ஐநூறுக்கு எடுத்தார். பொதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஐஸ் தண்ணீர் அவர் சட்டைக்குள் வழிந்தது.

கணக்கு: கிலோவுக்கு ஆறாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் கூடுதல்.

இந்த எண்ணை எழுதும்போது பேனா தயங்கியது. இது மாட்டிறைச்சியின் விலை அல்ல. ஒரு பந்தியின் விலை. ஆனால் ஷெர்லின் கூட்டத்தின் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து நாளாயிற்று. நாளை சொல்வேன்.

அக்டோபர் 9, திங்கள்

சொல்லவில்லை. வாஷர் மீண்டும் மாற்றினேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

மாலையில் இனிப்பு வாங்கி வந்தாள். தக்கலை மார்க்கெட் ரோட்டில் கடைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். உரிமங்களும் அனுமதிகளும் வந்துவிட்டனவாம்.

“ஏலத்தைப் பாத்துதான் தைரியம் வந்துச்சு அப்பா. சர்வே கூட எனக்கு நம்பிக்கையில்ல.”

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதில் ஒரு லட்டை வைத்தாள்.

அக்டோபர் 21, சனி

கடை திறப்பு. போதகர் ஜெபித்தார். பச்சைப் பலகை, வெள்ளை ஓடு பதித்த சுவர், கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பொதியிலும் எந்த மாடு, யார் வளர்த்தது என்று ஒரு சீட்டு. மாடு வளர்க்கும் தங்கலீலா புதுப் புடவையில் வந்திருந்தாள். தன் பெயரைச் சீட்டில் பார்த்துவிட்டு, “எனக்க பேரு ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுலதான் அச்சடிச்சு வந்திருக்கு” என்றாள்.

கூட்டம் நன்றாக இருந்தது. செல்லையன் வந்தார்.

“கிலோ என்ன வெல?”

“நானூத்தி அறுவது அண்ணாச்சி.”

“அங்ங சந்தையில நானூறுக்கு கிட்டுதே மோளே. ஒரு இருவது ரூவா கொறச்சுப் போடு.”

பதினாலாயிரத்து ஐநூறு கொடுத்த அதே மனிதர். வாங்காமல் போனார். நான் எலும்புத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று மூன்று கிலோ. இன்று இரண்டரை. மிச்சத்தை ஷெர்லின் ஓர் ஓட்டலுக்கு நஷ்டத்தில் கொடுத்தாள்.

‘ஆம்’ சொன்ன ஐம்பத்து நான்கு வீடுகளில் நான்குதான் இதுவரை கடைக்கு வந்திருக்கின்றன. இதை யாரிடமும் காட்டவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

ஆட்டோ ஓட்டும் வில்பிரட் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். அவர் வழியாகக் கொஞ்சம் இறைச்சி வீட்டுக்கு வந்தது. ஆய்வு செய்பவன் ஆய்வுப் பொருளைச் சுவைத்திருக்கவேண்டும். இதை நான் தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டும்.

அக்டோபர் 30, திங்கள்

மழை. சுவை பற்றி ஒரே மாதிரியை வைத்து முடிவுக்கு வரமுடியாது. மாட்டுக்கு மாடு மாறும். வில்பிரட் இன்றும் கடைக்குப் போனார்.

“இஞ்ச பாருங்க, ஃப்ரீசர்ல ஐஸ்கட்டி வைக்க இடமில்ல” என்றாள் ரோஸ்பாய்.

“கொஞ்ச நாள்தான்.”

“எத்தன நாளு? டாக்டர் உங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவைன்னுதானே சொன்னாரு?”

“அது பொதுவான அறிவுரை.”

நவம்பர் 1, புதன்

ரத்த அழுத்தம் 150/94. மதியம் வறுவல். இரவு குழம்பு.

நவம்பர் 4, சனி

ஷெர்லின் மலர்ச்சியாக இருந்தாள். “ஒரு ஆட்டோக்காரரு தெனமும் ரெண்டு கிலோ வாங்குகாரு அப்பா. கடையாலுமூட்டுல பெரிய குடும்பமாம். பத்துப் பன்னெண்டு பேராம். விலையே கேக்கல்ல. அப்படி ஆளுவளும் இருக்காவ பாருங்க.”

நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். ரோஸ்பாய் சோற்றோடு இறைச்சியும் போட்டாள், வேண்டுமென்றே.

நவம்பர் 8, புதன்

பக்கத்து வீட்டு லீலாபாய் மைனியிடம் ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் கேட்டேன். கொடுத்தார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சரிடமும். தபால் அலுவலகத்து எட்வினிடம் ஒரு பெரிய குளிர்பெட்டி இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருடம் அண்டை வீட்டாரோடு பழகாமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது.

நவம்பர் 11, சனி

ரோஸ்பாய் மாட்டிறைச்சி ஊறுகாய் போட்டாள். பெரிய ஜாடிகளில்.

நவம்பர் 14, செவ்வாய்

நேற்று மாலையிலிருந்து காற்றும் மழையும். சாலையில் மூன்று கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை. காலையில் விசாரித்தேன். நாளைக்குத்தான் வருமாம்.

ஃப்ரீசரைத் திறந்தேன். தண்ணீர் காலில் சொட்டியது.

ரோஸ்பாய் எட்டிப் பார்த்தாள். பரணிலிருந்து கல்யாணப் பாத்திரங்கள் இரண்டை இறக்கச் சொன்னாள். பின்கட்டில் விறகடுப்பு மூட்டினோம். நான் வெங்காயம் உரித்தேன். மதியத்துக்குள் இரண்டு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை தெரு முழுக்க.

கடையிலும் கரண்ட் இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஷெர்லின் சீக்கிரமே வந்துவிட்டாள். குடையை மடக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றாள்.

“யாரு வீட்டுக் கல்யாணமாக்கும்?”

“கொஞ்சம் இறைச்சி வாங்கினோம்” என்றேன்.

அப்போதுதான் லீலாபாய் மைனி மதில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு அண்டா.

“சாரே, உங்க எறச்சி எல்லாம் தண்ணியா விட்டுட்டு. இனி எங்க வீட்டுல வைக்க முடியாது கேட்டியளா.”

அண்டாவில் பச்சைச் சீட்டுப் பொதிகள். ஒவ்வொன்றிலும் தங்கலீலாவின் பெயர்.

அவர் இறக்கி வைப்பதற்குள் ரேஞ்சர் வந்தார், இரண்டு பைகளோடு. அவருக்குப் பின்னால் எட்வின், குளிர்பெட்டியையே தலையில் வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் வில்பிரட்டின் ஆட்டோ. அவர் வீட்டில் நான் வைத்திருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. ஷெர்லினைப் பார்த்ததும் வில்பிரட் ஆட்டோவை விட்டு இறங்காமலே, “டாக்டரம்மா, கடையாலுமூட்டுல எல்லாரும் சௌக்கியம்” என்றார்.



ஷெர்லின் ஒரு பொதியை எடுத்து அதன் சீட்டை வாசித்தாள். அடுத்ததை எடுத்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் வருவதற்கு எனக்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

“அம்மா, உனக்குத் தெரியுமா?”

“மூணு நாளாட்டு ஊறுகா போட்டு எனக்க கை எரியுது. உங்கப்பாகிட்ட கேளு.”

“அப்பா.”

“ஏலம்… அது சரியான அளவீடு இல்லை, மக்களே. நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும்.”

நான் ஏன் அந்த நேரத்தில் ஏலத்தைப் பற்றிப் பேசினேன் என்று தெரியவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு அடுப்பின் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரோஸ்பாய் அருகே ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தாள் ஷெர்லின்.

“பன்னெண்டு பேரு குடும்பம்! நான் அவங்களுக்குக் கிறிஸ்மஸுக்கு கேக்கு குடுக்கணும்னு நெனச்சிருந்தேன்!”

வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. சோறு வடித்தோம். தெருவே வந்து சாப்பிட்டது. ரேஞ்சர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்.

லீலாபாய் மைனி எலும்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “கிறிஸ்மஸுக்கு மாடு பிடிச்சுக் கூறு போடுவாவல்லா, அந்த எறச்சி மாதிரி இருக்கு. நீ கூறு போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வையி பிள்ளே. கடைக்கெல்லாம் யாரு வருவா, தக்கலை வரைக்கும்?”

நவம்பர் 15, புதன்

கரண்ட் வந்தது. ஷெர்லின் கடை விற்பனைக் கணக்கை என் முன் வைத்தாள்.

“இதுல உங்கள எடுத்துட்டுச் சொல்லுங்க.”

மொத்தம் நூற்றுப் பதினெட்டு கிலோ. வில்பிரட் நாற்பத்தாறு. மிச்சம் எழுபத்திரண்டு. வாடகைக்குக்கூடக் காணாது.

“பூனாவுக்கு ஒரு மாசம் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். சிரிப்பெல்லாம் நேற்றோடு போய்விட்டது.

எழுபத்திரண்டில் ஒன்றை மட்டும் கவனித்தேன். பதினோரு வீடுகள் ஒரு முறைக்குமேல் வந்திருக்கின்றன. என்னால் வாங்கவைக்கப்படாதவர்கள். ஏன் வந்தார்கள் என்று அவர்களைக் கேட்கவேண்டும்.

நவம்பர் 20, திங்கள்

பதினோரு வீடுகளுக்கும் போய்வந்தேன். இந்த முறை கேள்வியை எழுதிக்கொண்டு போகவில்லை. “ஏன் வாங்குகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன்.

“சீக்கிரம் வேகுது சாரே. கேஸ் மிச்சம்.”

“யாரு வளத்ததுன்னு சீட்டுல இருக்கு. தங்கலீலா எனக்க நாத்தனாருக்கு சொந்தமாக்கும்.”

“குழம்பு வச்சா பாத்திரம் நெறைய தண்ணி விடாது.”

“லாரியில கட்டிப்போட்டுக் கொண்டுவாறத நான் ஒருநாள் பாத்தேன். பிறகு அதத் திங்க முடியல்ல.”

சுற்றுச்சூழல் என்ற சொல்லைச் சொன்னவர் ரேஞ்சர் ஒருவர்தான். அவர் நாற்பது வருடம் காட்டில் இருந்தவர். ஆனால் லாரியைப் பற்றிச் சொன்னவரின் பதிலும் அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை என்று நினைக்கிறேன்.

எட்டுப் பேர் கேட்காமலே ஒன்று சொன்னார்கள்: கிறிஸ்மஸுக்குக் கூறு போடுவீர்களா?

நவம்பர் 22, புதன்

முடிவு: கூறு போடுவது. இரண்டு மாடுகள். மாட்டுக்கு இருபத்து நான்கு கூறு. முன்கூட்டியே பெயரும் ஐநூறு ரூபாய் முன்பணமும் கொடுத்தவர்களுக்கு மட்டும். கடை வேண்டாம், வாடகை வேண்டாம், ஃப்ரீசர் வேண்டாம். மிச்சம் விழாது. கூறு இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ. தனிக்கறி, எலும்பு, ஈரல் எல்லாம் சமமாக.

வகுத்துப் பார்த்தேன். கிலோ நானூற்று எழுபது. கடையைவிடக் கூடுதல்! இதை எப்படி மக்களிடம் மறைப்பது என்று கேட்டாள் ரோஸ்பாய். மறைக்க முடியாது என்றேன்.

“நாப்பது பேராவது சேரணும்” என்றாள் ஷெர்லின். “சேரல்லன்னா நான் பெட்டி கட்டுதேன். ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு யாராவது சபையில சொல்லணும். நான் சொன்னா எனக்கு விக்கணும்னு சொல்லுதாள்னு நெனப்பாவ.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நவம்பர் 25, சனி

பேச்சை எழுதினேன். கிழித்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

எழுபத்தொரு வயதில் முதல் முறையாக மைக் பிடித்தேன். வகுப்பறையில் பேசியது வேறு. அங்கே கேட்பவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது படியில் ஏறி நின்றேன். பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேவதாசன் மைக்கைக் கையில் திணித்தார். “இதப் பிடிச்சிட்டுச் சொல்லும் சாரே, கோழிக்குச் சொல்லுதது மாதிரி இருக்கு.”

எந்த மாடு, யார் வளர்த்தது, எங்கே மேய்ந்தது, கூறு என்ன விலை என்று சொன்னேன். “கிலோ கணக்கில் பார்த்தால் சந்தையைவிட எழுபது ரூபாய் கூடுதல்” என்பதையும் சொன்னேன். ரோஸ்பாய் பெண்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு காக்கை மட்டும் கத்தியது.

செல்லையன்தான் முதலில் பேசினார். “சாரே, கூறுக்கு எவனாக்கும் கிலோ கணக்கு பாப்பான்?”

“நான் பார்ப்பேன்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. ஆனால் சிரித்ததும் கூட்டம் கலையாமல் என் பக்கம் நெருங்கியது.

லீலாபாய் மைனி பெயர் கொடுத்தார். ரேஞ்சர் கொடுத்தார். பிறகு ஹென்றி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அதைப் பார்த்துவிட்டார் செல்லையன்.

“எனக்கு ரெண்டு எழுதும்.”

“அப்ப எனக்கு மூணு” என்றார் ஹென்றி, யாரையும் பார்க்காமல்.

அக்டோபர் எட்டாம் தேதி கண்முன் வந்தது. “வீட்டுக்கு ஒரு கூறுதான்” என்றேன்.

“நான் பைசா இப்பமே தாறேன் ஓய்.”

“ஒன்றுதான்.”

“சாரே, நான் கோயிலுக்கு மதில் கட்டிக் குடுத்தவன்.”

“மதிலுக்கு நன்றி. கூறு ஒன்றுதான்.”

இதை நானா சொன்னேன் என்று வழியெல்லாம் ரோஸ்பாயைக் கேட்டுக்கொண்டே வந்தேன். “நீங்கதான், நீங்கதான்” என்றாள். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று தெரிந்ததும் மற்றவர்கள் அவசரப்பட்டார்கள். மதியத்துக்குள் முப்பத்தொரு பெயர்கள்.

டிசம்பர் 5, செவ்வாய்

நாற்பத்தெட்டு. முன்பணத்தோடு.

டிசம்பர் 14, வியாழன்

கடையைக் காலி செய்துவிட்டாள். கண்ணாடி அலமாரியை ஒரு பேக்கரிக்காரர் எடுத்துக்கொண்டார்.

பூனாவுக்குப் பதில் எழுதிவிட்டாளாம். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. மாடியறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி வந்திருக்கிறாள். கம்பி மாட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கம்பி சற்றுச் சாய்ந்திருக்கிறது. நான் அளந்ததில் தவறிருக்கலாம். நேராக்கவேண்டாம் என்றாள்.

டிசம்பர் 23, சனி

விடியற்காலையிலேயே அனுமதி பெற்ற கூடத்திலிருந்து இறைச்சி வந்துவிட்டது. சபைக் கொட்டகையில் வாழையிலை விரித்து நாற்பத்தெட்டுக் கூறு. தங்கலீலாவும் மற்ற குடும்பத்தாரும் வைத்தார்கள். நான் என் தராசில் சிலவற்றை நிறுத்துப் பார்த்தேன். ஐந்து கிலோவுக்கு ஒரு கைப்பிடிகூட முன்பின் இல்லை.

எந்தக் கூறு யாருக்கு என்று சண்டை வராமலிருக்க இங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் கூறைத் தொட்டு “இது ஆருக்கு?” என்று கேட்பார். மற்றவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நின்று ஒரு பெயர் சொல்வார். பார்க்காமல் சொல்வதால் பாரபட்சம் இல்லை. நல்ல முறை. நான் பாடம் நடத்திய நாளில் இதை ஏன் உதாரணமாகச் சொல்லவில்லை?

முதுகு காட்டி நிற்க என்னையே நிறுத்தினார்கள். ஷெர்லின் தொட்டாள்.

“இது ஆருக்கு?”

“லீலாபாய்.”

“இது ஆருக்கு?”

“ஹென்றி.”

“இது?”

“செல்லையன்.”

பின்னால் சலசலப்பு. திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதியில்லை. ஹென்றியின் இலையும் செல்லையனின் இலையும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்துவிட்டனவாம். இருவரும் குனிந்து ஒருவர் இலையை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“உமக்கு ஈரலு கூட வந்திருக்கு” என்றது செல்லையன் குரல்.

“உமக்கு நெஞ்செலும்பு இருக்குலா, பின்ன என்ன?” என்றது ஹென்றி குரல்.

மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கொட்டகை முழுவதும் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. போகும்போது இருவரும் வில்பிரட்டின் ஆட்டோவில் சேர்ந்தே ஏறினார்கள். சமாதானத்தினாலா, வாடகையில் பாதி மிச்சம் என்பதாலா, தெரியவில்லை.

நான் பெயர் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், “அவ்வளவுதான், திரும்புங்க அப்பா” என்றாள். திரும்பினேன். வாழையிலைகள் மட்டும் கிடந்தன.

“நம்முடையது?” என்றேன்.

“உங்க பேரு இல்லியே.”

“மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.”

“மிச்சமே இல்ல அப்பா.” அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். “நீங்க முன்பணம் குடுக்கல்ல.”

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்து நிற்கவில்லை. ரோஸ்பாய்தான் முதுகைத் தட்டினாள். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். “நான் போயி மீன் வாங்குதேன்.”

டிசம்பர் 25, திங்கள்

ஆராதனை. மதியம் நெய்மீன் குழம்பு. ரத்த அழுத்தம் 136/86.

டிசம்பர் 27, புதன்

வெயில். கிணற்று மோட்டாருக்கு ஆள் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒழுக்கு நின்றது.

ஈஸ்டர் கூறுக்கு ஷெர்லின் பெயர்ப் பட்டியல் தொடங்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டு மாடிக்குப் போனேன். இறங்குவதற்குள் முதல் பெயராக என்னுடையதைக் கொடுத்தேன். ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டினேன். தகப்பன் என்ற முறையில் ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றாள்.

ரசீது கேட்டேன். எழுதித் தந்தாள்.